முதல் கேள்வி: எங்கே?

2019 ஏப்ரல் 15 மாலை, பாரிஸ் நோத்ர் தாம் தேவாலயத்தின் தீ எச்சரிக்கை பேனலில் ஓர் அலாரம் வந்தது. பிரெஞ்சு அரசுக்குச் சொந்தமான கட்டடம் அது. புகையைக் கண்டறியும் டிடெக்டர் தன் வேலையைச் சரியாகச் செய்துவிட்டது, பேனலும் செய்துவிட்டது. கோளாறு அதன் பிறகுதான். திரையில் வந்த வாசகம் எந்தக் கூரையைக் குறிக்கிறது என்பதில் குழப்பம். பேனல் முன்னால் இருந்தவர் அந்த இடத்துக்கு வந்து சில நாள்தான் ஆகியிருந்தது. காவலர் ஓடிப்போய்ப் பார்த்தது, பக்கத்தில் ஒட்டியிருந்த சின்னக் கட்டடத்தின் மேல்மாடத்தை. அங்கே புகை இல்லை. எரிந்துகொண்டிருந்தது தேவாலயத்தின் பெரிய மரக்கூரை. தவறு தெரிந்து, முந்நூறு குறுகலான படிகளை ஏறி, நெருப்பைக் கண்ணால் பார்ப்பதற்குள் ஏறக்குறைய அரை மணி நேரம் போய்விட்டது. ஆள் போய்ப் பார்த்து உறுதி செய்த பிறகே தீயணைப்புத் துறையை அழைப்பது என்பது அங்கிருந்த முறை. அதனால் அந்த அரை மணி நேரமும் தீயணைப்பு வண்டி கிளம்பவே இல்லை.

அரசு வளாகங்களின் கட்டுப்பாட்டு அறையில் போனும் வாக்கி டாக்கியும் பேனலுமாக உட்கார்ந்திருக்கும் உதவியாளரின் வேலையைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. நகரத்தின் அவசர எண்ணுக்கு அழைத்தால் வண்டி கேட் வரைக்கும் வந்துவிடும். கேட்டிலிருந்து அந்த அறைக் கதவு வரைக்குமான தூரம் இந்த நாற்காலியில் இருப்பவருடையது. அந்தத் தூரத்தில் நிமிடங்கள் தொலைகின்றன என்றால், பெரும்பாலும் “எங்கே” என்ற கேள்விக்குச் சரியான பதில் இல்லாததால்தான்.

ஒவ்வொரு கட்டடத்துக்கும் மூன்று பெயர் உண்டு. வரைபடத்தில் ஒன்று, வாசல் பலகையில் ஒன்று, அங்கே வேலை பார்ப்பவர்கள் வாயில் ஒன்று. பேனலுக்குள் இருப்பது பெரும்பாலும் முதல் பெயர். அதாவது, கட்டடம் கட்டிய காலத்தில் யாரோ தட்டச்சு செய்து வைத்தது. அதற்கப்புறம் துறைகள் இடம் மாறியிருக்கும், அறை எண்கள் மாறியிருக்கும், பெரிய கூடத்தின் நடுவில் தடுப்புச் சுவர் வைத்து நான்கு அறை ஆக்கியிருப்பார்கள். பேனல் மட்டும் “வடக்குக் கூடம்” என்றே சொல்லிக்கொண்டிருக்கும். அந்த டிடெக்டர் இப்போது ஒரு பூட்டிய ஆவண அறைக்குள் இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது.

இதற்கு ஒரே மருந்து நடைதான். பேனலில் உள்ள எல்லா டிடெக்டர்களின் முகவரிப் பட்டியலையும் அச்செடுத்துக்கொண்டு, அமைதியான ஷிஃப்டில் ஒரு நாளுக்கு ஒரு மாடி வீதம் நடக்க வேண்டும். லூப் 2 (டிடெக்டர்களை இணைக்கும் இரண்டாவது கம்பிச் சுற்று), முகவரி 47 என்றால் அது எந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கிறது, அந்தக் கதவின் சாவி எந்த வளையத்தில் இருக்கிறது, எந்தப் படிக்கட்டில் ஏறினால் கிட்டம் என்று மூன்றையும் பட்டியலிலேயே எழுத வேண்டும். மூன்று பெயர்களையும் பக்கத்தில் பக்கத்தில் போட வேண்டும். பொய்க்கூரைக்கு மேலேயும் குளிர்சாதனக் குழாய்க்கு உள்ளேயும் இருக்கும் டிடெக்டர்களைத் தனி நிறத்தில் குறிப்பது நல்லது. அறைக்குள் நின்று பார்க்கிறவர் “ஒன்றும் இல்லை” என்று திரும்பிவிடுவது இவற்றில்தான். கேட்டுகளுக்கும் தனிப் பக்கம் வேண்டும்: அகலம், உயரம், சாவி யாரிடம், இரவில் எது திறந்திருக்கும். பக்கத்து நிலையத்தின் தீயணைப்பு வண்டி எந்த வளைவில் திரும்பாது என்பதை அந்த நிலையத்தாரையே ஒருமுறை வரவழைத்து ஓட்டிப் பார்க்கச் சொல்லி எழுதிக்கொள்ளலாம். கேட்டால் வருவார்கள். அவர்களுக்கும் அது வேண்டியிருக்கிறது.

போன் அழைப்பில் கேட்கும் வரிசையும் இதே காரணத்தால்தான்: எங்கே, என்ன, எத்தனை பேர், இன்னும் நடக்கிறதா, திரும்பக் கூப்பிட எண். “என்ன ஆச்சு?” என்று தொடங்கினால் பதறுகிறவர் கதையைத் தொடங்கிவிடுவார். நடுவில் லைன் அறுந்தால் கையில் கதை இருக்கும், இடம் இருக்காது. இடம் மட்டும் கிடைத்து லைன் அறுந்தாலும் ஆளை அனுப்பிவிடலாம்.

போன் திரையில் வரும் உள் எண்ணை அப்படியே நம்பக் கூடாது. இணையவழி போன்களில் அந்த எண் கருவியோடு சேர்ந்தே பயணம் செய்யும். ஒருவர் மூன்றாம் மாடியிலிருந்து அடுத்த கட்டடத்துக்குப் போகும்போது போனைக் கழற்றிக்கொண்டு போய்ச் செருகிவிடுவார், பட்டியலில் பழைய மேசையே இருக்கும். வெளி லைனுக்கு முன்னால் ஓர் இலக்கம் சேர்த்து அழுத்த வேண்டிய உள் தொலைபேசி இணைப்பகங்களில் இன்னொரு ஆபத்து உண்டு. 2013-இல் அமெரிக்காவின் டெக்சாஸில் ஒரு ஹோட்டல் அறையில் தாய் தாக்கப்பட்டபோது அவருடைய ஒன்பது வயது மகள் அந்நாட்டின் அவசர எண்ணான 911-ஐத் திரும்பத் திரும்ப அழுத்தினாள். முன்னால் ஒரு 9 சேர்க்க வேண்டும் என்பது குழந்தைக்கு எப்படித் தெரியும்? அழைப்பு போகவே இல்லை, தாய் இறந்துபோனார். 2018-இல் அமெரிக்காவில் சட்டம் வந்தது: இப்படிப்பட்ட இணைப்பகங்களிலிருந்து முன் இலக்கம் எதுவும் இல்லாமல் அவசர எண் நேராகப் போக வேண்டும், போகும்போதே வளாகத்துக்குள் ஓரிடத்தில் தகவலும் தெரிய வேண்டும். சட்டம் எந்த நாட்டில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், உங்கள் வளாக போனிலிருந்து அவசர எண் எப்படிப் போகிறது என்பதை, அவசர அழைப்புகளை ஏற்கும் மையத்திடம் முன்கூட்டிச் சொல்லிவிட்டு ஒருமுறை அழைத்துப் பாருங்கள். வரவேற்பு மேசைக்கு வரும் லைனும் அவசர லைனும் ஒன்றாக இருக்கவே கூடாது. லண்டனில் 1937-இல் 999 என்ற அவசர எண் பிறந்ததே இந்தச் சிக்கலில்தான். 1935-இல் விம்போல் தெருவில் ஒரு வீடு தீப்பிடித்து ஐந்து பெண்கள் இறந்தார்கள். தீயணைப்புப் படையைக் கூப்பிட முயன்ற அண்டை வீட்டுக்காரர் தொலைபேசி நிலையத்தின் வரிசையில் காத்துக்கொண்டிருந்தார்.

ஒரு நல்ல அழைப்பு எப்படி இருக்கும் என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம்.

“கன்ட்ரோல் ரூம். எங்கிருந்து பேசுறீங்க?”

“இங்க ஒருத்தர் விழுந்துட்டாருங்க, சீக்கிரம் வாங்க!”

“ஆள் அனுப்புறேன். எந்தக் கட்டடம்?”

“பழைய பிளாக். ரெண்டாவது மாடி.”

“தரையிலிருந்து ரெண்டு படிக்கட்டு ஏறணுமா, ஒண்ணா?”

“ரெண்டு. லிஃப்ட் விட்டு வந்தா இடது பக்கம்.”

“சரி. தட்டிக் கூப்பிட்டா கண்ணைத் திறக்கிறாரா?”

“இல்லைங்க.”

“நெஞ்சைப் பாருங்க. எப்பவும் போல மூச்சு விடுறாரா?”

“விடுறார். அப்பப்ப ஒரு இழுப்பு இழுக்கிறார்.”

படிக்கட்டுக் கேள்வி தேவையில்லாதது போலத் தெரியும். தரைத்தளத்தையே முதல் மாடியாக எண்ணுகிறவர்கள் உண்டு, எண்ணாதவர்கள் உண்டு. ஒரே வளாகத்தில் இரண்டு வகையினரும் இருப்பார்கள். கடைசிப் பதில்தான் ஏமாற்றும். இதயம் நின்றவர் முதல் சில நிமிடங்கள் மீன் வாய் திறப்பது போல விட்டு விட்டு இழுப்பார். அது மூச்சு இல்லை. கண் திறக்கவில்லை, மூச்சு இயல்பாக இல்லை என்றால் அதற்கு மேல் கேள்வி கேட்க நேரமில்லை, நெஞ்சழுத்தம் தொடங்கச் சொல்ல வேண்டும். போனை ஸ்பீக்கரில் வைக்கச் சொல்லுங்கள். நெஞ்சின் நடுவில் ஒரு கை மேல் இன்னொரு கை, 5 முதல் 6 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. “ஒண்ணு, ரெண்டு” என்று நீங்களே வாய்விட்டு எண்ணிக்கொடுக்க வேண்டும். தனியாக எண்ணுகிறவர் களைத்து மெதுவாகிவிடுவார். இதே நேரத்தில் வாக்கி டாக்கியில் நான்கு பேருக்கு நான்கு வேலை: ஒருவர் சம்பவ இடத்துக்கு, ஒருவர் சுவரில் மாட்டியிருக்கும், இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் கருவியை எடுத்துக்கொண்டு, ஒருவர் லிஃப்டைத் தரைத்தளத்தில் பிடித்துவைக்க, ஒருவர் ஆம்புலன்ஸ் வரும் கேட்டில். மின் அதிர்ச்சி தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. நெஞ்சழுத்தம் நடந்துகொண்டிருந்தால் அந்தச் சரிவு மெதுவாகும். நாலாவது ஆளை, அதாவது கேட் ஆளை, பலரும் மறந்துவிடுகிறார்கள். ஆம்புலன்ஸ் உள்ளே வந்து எந்தப் பக்கம் போவது என்று வண்டியை நிறுத்தி விசாரிப்பது இதனால்தான்.

வாக்கி டாக்கிக்கு வருவோம். பொத்தானை அழுத்தி ஒரு விநாடி பொறுத்துவிட்டுப் பேச வேண்டும் என்று எல்லோரும் சொல்லிக்கொடுக்கிறார்கள். சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் விழித்துக்கொள்வதற்குள் பேசினால் முதல் அசை போய்விடும். பேசி முடித்த பிறகும் ஒரு விநாடி கழித்துத்தான் கையை எடுக்க வேண்டும் என்பதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை. தமிழில் பேசுகிறவர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. நம் மொழியில் மறுப்பு வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. “கதவைத் திறக்க வேண்டாம்” என்பதில் வாலை வெட்டினால் “கதவைத் திறக்க” என்று நிற்கும். பொத்தானை அரை விநாடி முன்னால் விட்டவர் தடை சொன்னார், கேட்டவர் உத்தரவாக எடுத்துக்கொண்டார். ஆகவே வாக்கி டாக்கியில் மறுப்பை எதிர்மறையாகச் சொல்லாமல் நேர்மறையாகச் சொல்லும் பழக்கம் வர வேண்டும். “கதவு மூடியே இருக்கட்டும்.” “இருக்கிற இடத்திலேயே நில்லுங்க.” வால் அறுந்தாலும் பொருள் தலைகீழாகாது.

எண்களும் இப்படித்தான். இரைச்சலில் ஏழும் எட்டும் ஒன்றாகக் கேட்கும், ஆறும் நூறும் மயங்கும். விமானத் துறையில் இதே தொல்லைக்காகத்தான் ‘நைன்’ என்பதை ‘நைனர்’ என்று நீட்டினார்கள், எழுத்துகளுக்கு ‘ஆல்ஃபா, பிராவோ’ வரிசையை 1956-இல் நிலைப்படுத்தினார்கள். நாம் செய்ய வேண்டியது அறை 417-ஐ “நானூற்றுப் பதினேழு” என்று சொல்லாமல் “நாலு, ஒண்ணு, ஏழு” என்று பிரிப்பது. பெற்றவர் அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். “சரி” என்ற பதிலை ஏற்கவே கூடாது. எந்த எண்ணைக் கேட்டுச் சரி சொன்னார் என்று தெரியாது.

இருக்கை இடுக்கில் பொத்தான் அழுந்தி ஒரு கருவி சேனலையே அடைத்துவிடுவது அடிக்கடி நடக்கும். யாருடையது என்று தெரியாவிட்டால், எல்லோரையும் மாற்று சேனலுக்குப் போகச் சொல்லி போனில் தகவல் கொடுங்கள். மாறாமல் நிற்பவர்தான் அவர். அந்த மாற்று சேனலின் எண் ஒவ்வொரு கருவியின் பின்னாலும் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். அடித்தளங்களிலும் பெரிய ஜெனரேட்டர் அறைகளிலும் சிக்னல் செத்துப்போகும் இடங்களை நடந்து குறித்துவையுங்கள். அங்கே இறங்குகிறவர் இறங்கும் முன்னால் சொல்லிவிட்டு இறங்க வேண்டும், குறித்த நேரத்தில் மேலே வந்து பேசாவிட்டால் இரண்டாவது ஆள் போக வேண்டும்.

பேனல் மூன்று வகையாகக் கத்தும். அலாரம் என்றால் புகை, வெப்பம், கையால் உடைக்கும் கண்ணாடிப் பெட்டி, கூரையிலிருந்து தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளரில் தண்ணீர் ஓட்டம். கண்காணிப்புக் குறி என்றால் யாரோ வால்வை மூடியிருக்கிறார்கள் அல்லது தொட்டி மட்டம் இறங்கியிருக்கிறது. ஃபால்ட் என்றால் கம்பி, பேட்டரி, மின்சாரம் ஆகியவற்றில் கோளாறு. கடைசி இரண்டையும் தொந்தரவு என்று நினைத்து அமுக்கிவைக்கும் பழக்கம் எங்கும் உண்டு. ஸ்பிரிங்க்ளர் வால்வு மூடியிருக்கிறது என்ற குறியை ஒரு வாரம் அமுக்கிவைத்தால் அந்த ஒரு வாரம் அந்த மாடியில் ஸ்பிரிங்க்ளர் இல்லை, குழாய் மட்டும் இருக்கிறது. மழைக்குப் பிறகு வரும் எர்த் ஃபால்ட், அதாவது கம்பியிலிருந்து தரைக்கு மின்கசிவு, பெரும்பாலும் எங்கோ ஒரு பெட்டிக்குள் ஈரம் இறங்கியதைச் சொல்கிறது. பேட்டரி ஃபால்ட் என்றால், 24 வோல்ட்டுக்காகத் தொடராக இணைத்த இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளில் ஒன்று உப்பியிருக்கலாம். மின்சாரம் போனாலும் 24 மணி நேரம் காத்திருந்து, அதற்குப் பிறகும் 5 நிமிடம் சைரன் ஒலிக்கும் அளவுக்கு பேட்டரி இருக்க வேண்டும் என்பது அமெரிக்கத் தீ எச்சரிக்கைத் தரமான என்எஃப்பிஏ 72 சொல்லும் அடிப்படை அளவு. உப்பிய பேட்டரி அவ்வளவு நேரம் தாங்கும் என்று நம்ப முடியாது.

அலாரம் வந்ததும், அதைப் பார்த்துவிட்டேன் என்று பேனலுக்குச் சொல்லும் ஏற்புப் பொத்தானை அழுத்தி, வாசகத்தை நேரத்தோடு கையால் எழுதுங்கள். அதற்குப் பிறகே ஆளை அனுப்புவது. ரீசெட்டில் கை வைக்கக் கூடாது. ரீசெட் செய்தால் திரையில் இருந்த வரிசை போய்விடும், எது முதலில் அடித்தது என்பது நினைவக வரலாற்றைத் தோண்டினால்தான் கிடைக்கும். தீ உண்மையானால், முதலில் அடித்த டிடெக்டர்தான் அது தொடங்கிய இடத்துக்குக் கிட்டத்தில் இருப்பது. அடுத்தடுத்து வருபவை புகை போன வழியைக் காட்டும். தீயணைப்புப் படை வந்து இறங்கும்போது அவர்களுடைய அதிகாரி கேட்கும் முதல் தகவலும் இதுவே.

ஆள் போய்ப் பார்க்கும்வரை காத்திருக்கலாமா? ஒற்றைப் புகை டிடெக்டர் என்றால், எழுதிவைத்த கெடுவுக்குள் காத்திருக்கலாம். 3 நிமிடம் என்று இருந்தால் மூன்றுதான். போனவர் இன்னும் மூச்சிரைத்துக்கொண்டு படியேறுகிறார் என்பதற்காக நான்கு ஆகக் கூடாது. ஒரே பகுதியில் இரண்டு டிடெக்டர் அடித்தால், கண்ணாடிப் பெட்டி உடைந்தால், தண்ணீர் ஓட்டக் குறி வந்தால், காத்திருக்காமல் அழைத்துவிட வேண்டும். கண்ணாடியை உடைத்தவர் ஒரு மனிதர், அவர் எதையோ பார்த்திருக்கிறார். படை வந்து பார்த்து ஒன்றுமில்லை என்று திரும்பினால் யாருக்கும் எதுவும் குறைந்துவிடாது. பொய் அலாரங்கள் எரிச்சலூட்டும் என்பது உண்மைதான். ஒளிச் சிதறலை அளக்கும் டிடெக்டருக்குப் புகைத்துகளும் சிமெண்ட் தூசியும் குளியலறை நீராவியும் உள்ளே குடியேறிய சிறு பூச்சியும் ஒன்றுதான். ஆனால் எரிச்சலைத் தீர்க்க வேண்டியது தூசு தட்டுவதிலும் இடம் மாற்றுவதிலும்தான், அழைப்பைத் தாமதப்படுத்துவதில் இல்லை.

வெல்டிங் வேலைக்காக ஒரு பகுதியின் டிடெக்டர்களைத் துண்டித்துவைப்பார்கள். வேலை மாலை ஐந்துக்கு முடியும், ஆட்கள் போய்விடுவார்கள், துண்டிப்பு மட்டும் இரவு முழுக்க அப்படியே இருக்கும். தீப்பொறி மரத்தூளிலோ பஞ்சிலோ விழுந்தால் உடனே எரியாது, கனன்று கனன்று ஒரு மணி நேரம் கழித்தும் பற்றும். வேலை முடிந்த பிறகு குறைந்தது ஒரு மணி நேரமாவது ஒருவர் அங்கே நின்று கவனிக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான். துண்டித்தவரின் பெயர், பகுதி, திரும்ப இணைக்க வேண்டிய நேரம் ஆகிய மூன்றையும் வெள்ளைப்பலகையில் சிவப்பில் எழுதி, அந்த நேரத்துக்குக் கடிகார அலாரமும் வைத்துவிடுங்கள்.

அலாரம் அடித்ததும் காந்தப் பூட்டுக் கதவுகள் தாமாகவே விடுபடும். மனிதர்கள் வெளியேற வேண்டும், அதற்குத்தான் அந்த அமைப்பு. ஆனால் சர்வர் அறைக் கதவும் ஆவணக் கிடங்கின் கதவும் அதே இணைப்பில் இருந்தால் அவையும் திறந்துகொள்ளும். உள்ளே நுழைய நினைப்பவர் கண்ணாடிப் பெட்டியை உடைப்பது பழைய தந்திரம். எந்தக் கதவு திறந்துகொள்ளும், எது பூட்டியே நிற்கும் என்ற பட்டியல் மேசையில் இருந்தால், அலாரம் வந்த அதே மூச்சில் அந்தக் கதவுகளின் வெளிப்பக்கத்துக்கு ஆள் அனுப்பிவிடலாம். வெளியே வருகிறவரைத் தடுக்கக் கூடாது, உள்ளே போகிறவரைத்தான் தடுக்க வேண்டும்.

மேசைக்கு அடியில் இருக்கும் அவசரப் பொத்தான் அழுத்தப்பட்டால் அந்த மேசைக்கு போன் செய்யக் கூடாது. மிரட்டுகிறவர் எதிரில் நின்றிருந்தால் அந்த மணியோசையே பொத்தானைக் காட்டிக்கொடுத்துவிடும். கேமரா இருந்தால் முதலில் பார்க்கலாம். ஆட்கள் சைரன் இல்லாமல் போக வேண்டும். கால் முட்டி பட்டு அழுந்தியது என்று பின்னால் அவரே சொன்னாலும், ஒருவர் நேரில் கண்ணால் பார்க்கும்வரை அதை முடித்ததாக எழுத வேண்டாம்.

குண்டு மிரட்டல் அழைப்பில் மிரட்டுகிறவரைப் பேசவிட வேண்டும்: எங்கே வைத்திருக்கிறார், எப்போது வெடிக்கும், எப்படித் தெரியும். பின்னணியில் வண்டிச் சத்தமா, தொலைக்காட்சியா, சுவர் எதிரொலியா என்று சொற்களை அவர் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள். அவர் வைத்தாலும் நீங்கள் போனை வைக்காதீர்கள். சந்தேகப் பொருள் ஏதும் கண்ணில் பட்டால் அதிலிருந்து 15 மீட்டருக்குள் வாக்கி டாக்கியையோ கைபேசியையோ பயன்படுத்தக் கூடாது. பிரிட்டனின் வழிகாட்டுதலில் விலகல் தூரம் சின்னப் பொருளுக்கு 100 மீட்டர், காருக்கு 200, பெரிய வண்டிக்கு 400. கட்டடத்தை விட்டு வெளியேறுகிறவர்கள் வழக்கமாகக் கூடும் இடம் இந்த வட்டத்துக்குள் விழுகிறதா என்று வரைபடத்தில் முன்பே அளந்துவைத்திருக்க வேண்டும். பல இடங்களில் விழுகிறது.

கேமராத் திரைகளைப் பற்றி ஒன்றே ஒன்று. உளவியலாளர் நார்மன் மேக்வொர்த் 1948-இல் வெளியிட்ட கடிகாரச் சோதனைகள் காட்டியது, அரிதாக வரும் குறியைக் கவனித்துக்கொண்டே இருப்பவரின் கூர்மை முதல் அரை மணி நேரத்துக்குள்ளேயே இறங்கிவிடுகிறது என்று. ஆகவே திரை பார்ப்பவரை அரை மணிக்கு ஒருமுறை வேறு வேலைக்கு மாற்றுங்கள். எட்டு மணி நேரம் ஒருவரையே உட்கார வைத்துவிட்டு அவர் கவனிக்கவில்லை என்று பழி சொல்வது நியாயமே இல்லை.

பிறகு கடிகாரங்கள். பேனலுக்கு ஒரு நேரம், கேமராவுக்கு ஒன்று, கதவு அமைப்புக்கு ஒன்று, போன் பதிவுக்கு ஒன்று, சுவரில் ஒன்று. இவை நான்கு நிமிடம் முன்பின்னாக இருந்தால், விசாரணையில் கதவு திறந்தது அலாரத்துக்கு முன்பா பின்பா என்று யாராலும் சொல்ல முடியாது. முடிந்தவற்றை ஒரே நேர சர்வரோடு இணைத்துவிட்டு, மீதியை வாரம் ஒருமுறை பார்த்து, வித்தியாசத்தைப் பதிவேட்டில் எழுதுங்கள்: “பேனல் 2 நிமிடம் 10 விநாடி பின்.” திருத்த முடியாத கடிகாரமாக இருந்தாலும் வித்தியாசம் எழுதியிருந்தால் போதும், பின்னால் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். கேமராப் பதிவைச் சம்பவ நாளிலேயே தனியாக எடுத்துவைத்துவிட வேண்டும். கொள்ளளவு நிறைந்ததும் பழையதன் மேல் புதியது ஏறிவிடும்.

பதிவேட்டில் 24 மணி நேரக் கணக்கு, பார்த்தது, கேட்டது, செய்தது. “குடிபோதையில் இருந்தார்” அல்ல; “நடை தள்ளாடியது, வாயில் மது வாடை இருந்ததாகக் காவலர் சொன்னார்.” பிழை வந்தால் ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம் இடுங்கள். வெள்ளை மை வேண்டாம்.

ஷிஃப்ட் மாறும்போது வருகிறவர் 15 நிமிடம் முன்னால் வர வேண்டும், போகிறவர் நாற்காலியை விட்டு எழுந்து அவரை உட்காரவைத்துவிட்டுப் பேச வேண்டும். துண்டித்திருக்கும் பகுதிகள், அமுக்கிவைத்திருக்கும் ஃபால்ட்டுகள், வேலை செய்யாத லிஃப்ட், அடைத்திருக்கும் கேட், இன்னும் உள்ளே இருக்கும் ஒப்பந்த ஆட்கள், கீழே இறங்கி இன்னும் மேலே வராத காவலர். வருகிறவர் இதைத் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். அப்புறம் சாவி வளையங்களை எண்ண வேண்டும், ஒவ்வொரு வாக்கி டாக்கியிலும் ஒருமுறை அழைத்துப் பார்க்க வேண்டும். பதில் வராத கருவி ஒன்று இருந்தால், அது யார் கையில், எந்த மாடியில் என்று தெரியும்வரை போகிறவர் கிளம்பக் கூடாது.